நனையாமல் போனவர்

மணல்குறிச்சியில் குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாலை போட்டு அனுப்புகிற வழக்கம் கிடையாது, நனைத்து அனுப்புகிற வழக்கம்தான் உண்டு. குழாயில் சேருகிற மண்ணை வெளியே தள்ளுவதற்காகக் கிணற்றடியில் ஒரு பெரிய வாய்க்குழாய் இருந்தது. ஓய்வு பெறுகிற ஆளைக் கடைசி நாள் சாயங்காலம் வேட்டி சட்டையோடு அதன் முன்னால் நிறுத்தி, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வால்வைத் திறப்பார்கள், தண்ணீர் ஆளைக் கீழே தள்ளாத குறையாக வந்து விழும், அவர் மூச்சுத் திணறி நின்றுவிட்டுச் சொட்டச் சொட்ட பஜார் வழியாக வீட்டுக்கு நடப்பார், கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், வாசலில் அவர் மனைவி துண்டோடு காத்திருப்பாள். இன்னார் ரிட்டயர் ஆகிவிட்டாரா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை, நனைந்துவிட்டாரா என்றுதான் கேட்போம். இதை யார் ஆரம்பித்தது என்று தெரியாது, தெரிந்து என்ன ஆகப் போகிறது.

ஆவுடையப்பன் மட்டும் நனையாமல் போனார்.

அவர் அங்கே உதவிப் பொறியாளர். படித்து முடித்த கையோடு வாரியத்தில் சேர்ந்து, மீசை நரைக்கிற வரைக்கும் ஒரே நாற்காலியில் இருந்தவர். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டி மேலே போனார்கள். சிபாரிசு பிடிக்க அவருக்கு வராது, வந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார். ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் ஏச்சு அவருக்கு, ஆற்றில் தண்ணீர் இல்லையென்றாலும் அவருக்கு, கரண்ட் போனாலும் அவருக்கு, குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டாலும் அவருக்கு. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிறவரை நிறுத்தி வைத்து ஏசுகிற ஊர் எங்கள் ஊர். அவர் கத்தரிக்காயைக் கையில் வைத்தபடியே தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், மறுநாள் தண்ணீர் வரும், வந்துவிட்டது என்று சொல்ல யாரும் அவருக்கு போன் பண்ணியது கிடையாது.

அவருக்கு ஒரே மகள், சங்கரி. அவளைத் தன் கையால் நீர் வார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக நாங்கள் அறியோம். அவர்கள் வழக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பார், அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விடுவாள், அந்தத் தண்ணீர் அப்பா கையை நனைத்து, மகள் கையை நனைத்து, மாப்பிள்ளை கையில் இறங்க வேண்டும். அப்போதுதான் பெண்ணைக் கொடுத்ததாகும். சங்கரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவு நாட்களில் அப்பாவோடு பம்ப் ஹவுஸுக்கு வந்து வால்வில் கசிகிற தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்தக் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது தான் அழாமல் நிற்க வேண்டுமே என்று பம்ப் ஆப்பரேட்டர் பீர்முகம்மதுவிடம் அப்போதே கவலைப்படுவார் ஆவுடையப்பன். பீர்முகம்மதுவுக்கு நான்கு பெண்கள். இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது சார், முதலில் அந்த வால்வுக்கு வாஷர் போடுங்கள் என்று அவர் சொல்வார்.

இப்படி இருந்தபோதுதான் ஊர்க் குழாய்களை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்த ஒரு தண்ணீர்க் கம்பெனி ஊருக்குள் வந்தது. கம்பெனிக்கு ஊரின் மண்ணுக்குக் கீழே எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த ஆள் தேவைப்பட்டது, அப்படித் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். நல்ல சம்பளம், கார், மேனேஜர் என்கிற பெயர், எல்லாவற்றுக்கும் மேலாக இனி யாரும் போன் பண்ணி ஏசப்போவதில்லை என்கிற நிம்மதி. அவர் மனைவி செண்பகம், போங்க என்றும் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை, சங்கரிக்கு வயசாகிறது என்று மட்டும் சொன்னாள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைப் பேராசைக்காரர் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அப்படிப் பேசியவர்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி நாள் சாயங்காலம் வழக்கப்படி எல்லாரும் கிணற்றடிக்கு வந்தார்கள். கோபம் இருந்தவர்களும் வந்தார்கள். விட்டுவிட்டுப் போகிறவரை நனைக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, இந்தத் தண்ணீரில் இவ்வளவு காலம் நின்றவருக்கு இது கூடவா கிடையாது என்று பீர்முகம்மது அவரை அடக்கிவிட்டு, வால்வுச் சாவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார். ஆனால் கேட்டுக்கு வெளியே கம்பெனியின் கார் வந்து நின்றிருந்தது, டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான், ஆவுடையப்பன் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் இருந்தார். அவர் குழாயைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"வேண்டாம் பாய். சீட்டு நனைஞ்சிரும்" என்றார்.

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். புதுக் கார், அடுத்தவர் கார், கூச்சப்படுகிற மனிதர். பீர்முகம்மது, சரி சார் என்று சாவியைக் கீழே வைத்தார். கார் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் குளிக்கப் போனபோது தண்ணீர் அவரை நனைக்கவில்லை. செம்பு செம்பாக மொண்டு தலையில் ஊற்றினார், தண்ணீர் சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டு தரைக்குப் போய்விட்டது. தலைமுடி உலர்ந்து இருந்தது, இடுப்புத் துண்டு உலர்ந்து இருந்தது. வாளியில் கையை முக்கி எடுத்தார், வந்த கை வெயிலில் வைத்திருந்த கைபோல இருந்தது. செண்பகத்தைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்தாள், தானும் ஒரு செம்பு ஊற்றிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் நல்லெண்ணெயும் ஒரு பழைய வேட்டித் துணியும் எடுத்து வந்து அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொன்னாள். குடிக்கிற தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்கியது. தாகம் தீர்ந்ததா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் இதைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் பேசியது, அதற்கு மேல் பேசவில்லை, எங்கள் ஊருக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டுத் தோல் வறட்சி என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். கோயிலில் தீர்த்தம் கையில் நிற்கவில்லை என்றதும் குருக்கள் அவருக்கு விபூதியை ஒரு கிள்ளு கூடுதலாகக் கொடுத்துச் சரிக்கட்டினார். முடிவெட்டுகிற குருசாமி எண்ணெய் தடவிச் சவரம் பண்ணப் பழகிக்கொண்டார். ஐப்பசியில் மழை பிடித்தபோதுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. மழையில் அவர் மட்டுமல்ல, அவர் கையில் இருக்கிற பொருளும் நனையாது என்பதைப் பஜாரில் யாரோ கவனித்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா. பரீட்சைச் சான்றிதழைப் பத்திரமாக ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போக, விதை நெல்லைப் பஸ்ஸில் ஏற்ற, அரிசிமாவை மில்லிலிருந்து கொண்டுவர என்று ஊரே அவரைத் தேடியது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளை அந்த மழைக்காலத்தில் அவர்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். குடை பிடித்தபடி தாய்மார்கள் பின்னால் நனைந்துகொண்டு வருவார்கள், பிள்ளை அவர் கையில் காய்ந்த துணியில் தூங்கிக்கொண்டு வரும்.

மழையில் சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும். கொள்ளிச்சட்டியை அவர் ஏந்திக்கொண்டு நடப்பார், கொட்டுகிற மழையில் நெருப்பு அணையாமல் சுடுகாடு போய்ச் சேரும், அங்கே வாங்கி மகன் கொள்ளி வைப்பான். திரும்புகிற வழியில் எல்லாரும் ஆற்றில் இறங்கித் தலைமுழுகுவார்கள், முழுகி எழுந்ததும் கொஞ்சம் சிரிப்புகூட வந்துவிடும், அடுத்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆவுடையப்பனும் இறங்கி முழுகுவார். எழுந்து நின்றால் அப்படியே உலர்ந்திருப்பார். மற்றவர்கள் தீட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக, அவர் மட்டும் அத்தனை சாவையும் உடம்பில் வைத்துக்கொண்டு நடப்பார். வருஷக்கடைசியில் அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

கம்பெனியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆள் நனையமாட்டார் என்று தெரிந்ததும் மேல்நிலைத் தொட்டிகளில் கசிவு பார்க்க அவரை உள்ளே இறக்கினார்கள், தண்ணீரை வடிக்க வேண்டாம், வேலை நிற்க வேண்டாம். அவர் டை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, டையோடு ஏறி வருவார். அங்கே யாரும் அவரை ஏசவில்லை என்பது உண்மைதான். யாரும் அவரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லவும் இல்லை. போன் அடிக்காத மேஜையில் அவர் சில சமயம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாராம், அவருடைய டிரைவர் சொன்னான்.

அடுத்த ஆனியில் பீர்முகம்மது ரிட்டயர் ஆகி, நனைந்து, சொட்டச் சொட்ட பஜார் வழியாக நடந்தார். ஆவுடையப்பன் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று அவரைப் பார்த்தார். பீர்முகம்மது அவர் கையைப் பிடித்தார், பிடித்த இடத்திலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் விழுந்தது. அங்கே நனைந்தவர்களில் அவர்தான் கடைசி ஆள், ஏனென்றால் கொஞ்ச நாளில் பம்ப் ஹவுஸே ஒப்பந்தத்தில் கம்பெனியின் கைக்குப் போய், மற்றவர்களை வாரியம் எங்கெங்கோ மாற்றிவிட்டது.

அதற்கப்புறம் தை மாதம் சங்கரிக்கு இடம் அமைந்தது. கரிசல்காட்டுப் பக்கத்து மாப்பிள்ளை, தங்கமான பையன், சங்கரிக்கும் பிடித்திருந்தது. சம்பந்தி நனையமாட்டார் என்பதைப் பற்றி அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெயிலூரில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள். நீர் வார்ப்பது மட்டும் முறையாக நடக்க வேண்டும், கொடுக்கிறவர் கையை நனைக்காத தண்ணீரில் பெண் வாங்குவது எங்கள் குடும்பத்தில் இல்லை, முடியாவிட்டால் தாய்மாமன் கொடுக்கட்டும். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆவுடையப்பன் நான்தான் கொடுப்பேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, நேராகப் பீர்முகம்மது வீட்டுக்குப் போனார்.

அவர் வாசலில் நின்று, அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்குக் கேட்டு வந்திருக்கிறேன் என்றார். பீர்முகம்மது சட்டையை மாட்டிக்கொண்டு, பரண்மேல் கிடந்த பழைய வால்வுச் சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வாங்க சார் என்று முன்னால் நடந்தார். பம்ப் ஹவுஸ் கேட்டில் கம்பெனிக் காவலாளி மேனேஜருக்கு சல்யூட் வைத்துத் திறந்துவிட்டான். கிணற்றடியில் வாய்க்குழாய் இருந்த இடத்தில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தது, அதன் மேல் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. பீர்முகம்மது தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"இத எந்தப் பாவி சார் அடைச்சான்?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன் பாய்" என்றார் ஆவுடையப்பன். "தண்ணி வீணாப் போகுதுன்னு."

பம்ப் ஹவுஸ் கம்பெனியின் கைக்கு வந்ததும் அவர் செய்து கொடுத்த முதல் வேலை அது. அதில் தப்பொன்றும் கிடையாது, அந்தத் தண்ணீர் வீண்தான், கணக்குப் பார்க்கிற எந்தப் பொறியாளரும் அதைத்தான் முதலில் அடைப்பார். எழுதும்போது அவருக்குத் தன் ஞாபகம் வரவில்லை, குழாயின் விட்டமும் அழுத்தமும்தான் ஞாபகம் வந்தன. பீர்முகம்மது சாவியைத் தரையில் வைத்தார். அப்புறம் காவலாளியின் வாளியை வாங்கி, கிணற்றில் மொண்டு வந்து, ஆவுடையப்பன் தலையில் ஊற்றினார். தண்ணீர் உருண்டு போனது. இன்னொரு வாளி ஊற்றினார்.

செய்தி ஊருக்குள் போயிற்று. முதலில் மேலத்தெருப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு வந்தார்கள், அவருக்கு போன் பண்ணி ஏசுவதில் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். பிறகு குருசாமி வந்தார், குருக்கள் அபிஷேகக் குடத்தோடு வந்தார், ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார், அந்த மழைக்காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் இடுப்பில் ஒரு பக்கம் பிள்ளையும் ஒரு பக்கம் குடமுமாக வந்தார்கள், கொள்ளி வைத்த மகன்கள் வந்தார்கள். அவர் எந்தத் தெருவுக்கெல்லாம் தண்ணீர் விட்டிருந்தாரோ அந்தத் தெருவெல்லாம் அன்றைக்குத் தங்கள் தங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தது. வரிசையில் நின்றோம், சண்டை போடாமல் நின்றோம். ஒவ்வொருவராக அவர் தலையில் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற தரை சேறாயிற்று, சேறு வாய்க்காலாயிற்று, பொழுது ஆற்றுக்கு மேற்கே இறங்கிற்று, அவர் வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு ஈரம் படாமல் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். கடைசிக் குடமும் தீர்ந்த பிறகு கண்ணைத் திறந்து, எல்லாரும் நனைஞ்சிட்டீங்களே, வீட்டுக்குப் போய்த் தலை துவட்டுங்க என்று எங்களிடம் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு அழுகை வந்தது.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. மணவறையில் ஆவுடையப்பன் மகளின் கையைப் பிடித்தார், செண்பகம் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் வந்தது, அவர் கையைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து, வாழையிலையில் விழுந்தது. சங்கரியின் விரல்கூட நனையவில்லை, அப்பா பிடித்திருந்தாரே. செண்பகம் செம்பை இன்னும் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், செம்பு காலியானது. மேளக்காரர்கள் இவ்வளவு நீளமாக வாசித்து நாங்கள் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடையப்பனே தன் மைத்துனரைக் கூப்பிட்டு, மகளின் கையை அவர் கையில் வைத்துவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றார். அடுத்த செம்புத் தண்ணீர் தாய்மாமன் கையை நனைத்து, சங்கரி கையை நனைத்து, மாப்பிள்ளை கையில் இறங்கியது. அழாமல் நிற்க வேண்டுமே என்று அந்தக் காலத்தில் கவலைப்பட்டவர் அழாமல்தான் நின்றார்.

மத்தியானம் பெண்ணை அனுப்புகிற நேரம். வீட்டு வாசலில் கார் கதவு திறந்திருந்தது. சங்கரி அம்மாவைக் கட்டிக்கொண்டாள், சித்திமார்களைக் கட்டிக்கொண்டாள், கடைசியில் அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அப்படி ஒரு அழுகை. முதுகு குலுங்கக் குலுங்க அழுதாள், கண்ணீர் அவர் தோளில் விழுந்து, பட்டும் படாமல் உருண்டு, முற்றத்து மண்ணில் ஓடியது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். சங்கரியும் தலையைத் தூக்கியபோது பார்த்தாள். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை, தோளில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. அவள் முந்தானையை எடுத்து அந்தத் தோளை ஒற்றினாள், அழுத்தி அழுத்தி ஒற்றினாள்.

"சட்டை பூரா நனைஞ்சு போச்சுப்பா" என்றாள். "உள்ள போயி மாத்திட்டு வாங்க. நான் நிக்கேன்."

ஆவுடையப்பன் தோளைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார், அவள் காரில் ஏறினாள், கார் திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டினார்.

செண்பகம் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து வாசலில் நின்று பிழிந்தாள், இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துக் கொடிக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். பீர்முகம்மது போய்ச் சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரம் ரொம்ப இருக்கு சார்" என்றார். "காய நேரமாகும்."

நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம்.